கெரிஸ் பிடியைத் தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள்

பழம்பொருள் பராமரிப்பு என் தொழில். அண்மையில் ஒருவர் ஜாவா கெரிஸ் ஒன்றைக் கொண்டுவந்தார். தாத்தா வைத்திருந்த குறுவாள். கறுத்துக் கிடக்கிறதே என்று பல் பிரஷும் பித்தளை பாலிஷும் போட்டு அவரே தேய்த்துவிட்டார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது மரப்பிடியைப் பார்த்துத்தான். உட்பக்கச் செதுக்கல் இரண்டும் மழுங்கி, இடுக்கெல்லாம் வெள்ளைப் பொடி.

அந்தப் பிடியில் பார்க்க இருப்பதே அவை இரண்டுதான். ஜாவாவில் இவ்வடிவத்தை 'நுங்காக் செமி' என்பார்கள்: வெட்டிய அடிமரம் துளிர்ப்பது. மீதியெல்லாம் வழவழப்பான, சற்றே வளைந்த கட்டை. துளிர்ப்பது அந்தச் சின்னச் செதுக்கல்களில். பெயர் 'பத்ரா'. வில்வபத்திரம் என்கிறோமே, அதே வடசொல், இலை. லென்ஸ் வைத்துப் பார்த்தால் இலைச்சுருளுக்குள் கண்ணும் மூக்குமாக ஒரு முகம் எட்டிப்பார்க்கும்.

குந்தியிருக்கும் மனித உருவம் கரைந்து கரைந்து இப்படி ஆனது என்பார்கள். இஸ்லாம் வந்ததும் உருவத்தை மறைத்தார்கள் என்பது வழக்கமான விளக்கம். எனக்கு அது முழுதாகச் செரிக்கவில்லை. ஜாவாவின் சிரெபோனும் முஸ்லிம் சுல்தான்கள் ஆண்ட ஊர்தான்; அங்கே ராட்சசன் பிடியில் அப்படியே உட்கார்ந்திருக்கிறான். இந்துக்கள் வாழும் பாலியில் தெய்வமும் அரக்கனும் முழு உருவமாகவே வருவார்கள். சுமத்ராவில் கைகட்டிக் குறுகி நிற்கும் பிடிக்கு 'ஜாவா டெமாம்', அதாவது காய்ச்சல் கண்ட ஜாவாக்காரன், என்று கேலிப்பெயரே உண்டு.

ஆக, வீட்டில் கெரிஸ் இருந்தால் பிடிக்கு உலர்ந்த மென்தூரிகை போதும். எண்ணெய், பாலிஷ், ஈரத்துணி எதுவும் வேண்டாம். பிடி ஆடினால் பசை ஊற்றாதீர்கள். உள்ளே வாளின் காம்பில் துணி சுற்றித்தான் இறுக்கியிருப்பார்கள். வாளை வெறுங்கையால் தொடாதீர்கள். இரும்பு கறுத்து வரிகள் துலங்க, ஆர்சனிக் கலந்த எலுமிச்சைச் சாறு பூசுவது ஜாவா வழக்கம். தேய்த்தால் அந்த நஞ்சு தூசியாகப் பறக்கும். மதுராத் தீவின் பூவேலைப் பிடிகளில் யானைத் தந்தமும் உண்டு. அழகாயிருக்கிறதே என்று வாங்கி இந்தியாவுக்குக் கொண்டுவந்தால் வனவிலங்குச் சட்டத்தில் மாட்டுவீர்கள்.

வந்த கெரிஸின் இடுக்கிலிருந்த பொடியை மூங்கில் குச்சியால் இரண்டு நாள் நெம்பி எடுத்தேன். மேல் பத்ராவில் ஒரு கண் மட்டும் தேறியது.