ஆப்டிமைசேஷன்: மேம்படுத்தல் அல்ல, உகப்பாக்கம்

சேலத்தில் ‘லேஅவுட்’ என்றால் முதலில் மனைப்பிரிவுதான் நினைவுக்கு வரும். பெரிய மின்சாரத்தை நொடிக்குப் பல ஆயிரம் முறை போட்டு அணைக்கும் மின்னணுப் பெட்டியான பவர் மாட்யூலுக்குள் சில்லுகளும் செம்புத் தடங்களும் அமைந்திருக்கும் விதத்துக்கும் அதே பெயர்தான். ‘இடவமைவு’ என்று சொன்னால் இரண்டுக்கும் பொருந்தும். தடுக்கி விழுவது ‘லேஅவுட் ஆப்டிமைசேஷன்’ என்பதன் பின்பாதியில். பலர் ‘மேம்படுத்தல்’ என்று எழுதுகிறார்கள். அது தவறு.

ஏன் என்று ஒரு கணக்கே சொல்லும். சேகோ ஆலை மோட்டாரை ஓட்டும் டிரைவ் என்ற மின்கட்டுப்பாட்டுக் கருவியில் 415 வோல்ட் மும்முனை மின்சாரம் நேர் மின்னோட்டமாக (டிசி) மாறும்போது சுமார் 590 வோல்ட் ஆகிறது. மாட்யூலின் தாங்குதிறன் 1200 வோல்ட். மின்னோட்டம் சுற்றிவரும் தடத்தின் தூண்டல், அதாவது மின்னோட்ட மாற்றத்தை எதிர்க்கும் தன்மை, 40 நானோஹென்றி என்று வைப்போம். மின்னோட்டத்தை நானோநொடிக்கு 5 ஆம்பியர் வேகத்தில் அணைத்தால் 200 வோல்ட் கூடுதலாக எழும், தாங்கும். இன்னும் வேகமாக அணையும் சிலிக்கான் கார்பைடு சில்லைப் போட்டு 15 ஆம்பியர் வேகத்தில் அணைத்தால் எழுவது 600. மொத்தம் 1190, விளிம்பில் நிற்கிறது.

தூண்டலைக் குறைக்கச் சில்லுகளை நெருக்கி வைக்கலாம். ஆனால் ஒவ்வொரு சில்லின் வெப்பமும் கீழே கூம்பாக விரிகிறது. கூம்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் சில்லு அதிகம் சூடேறும். ஒன்றை மேம்படுத்தினால் மற்றொன்று கெடும் இடம் இது.

ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீன் ‘ஆப்டிமுஸ்’, மிகச் சிறந்தது என்று பொருள். தமிழில் ‘உகப்பே உயர்தல்’ என்கிறது தொல்காப்பியம். பேச்சில் வாழும் ‘உகந்த’ என்பதன் பொருளோ ஏற்றது, பொருந்துவது. ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் சில்வர் ஓக் நிழல் மிகுந்தால் விளைச்சல் குறையும், குறைந்தால் இலை கருகும். அங்கே தேடுவது உகந்த நிழல். உயர்தலும் பொருந்துதலும் ஒரே சொல்லில் இருப்பதால் ‘உகப்பாக்கம்’ லத்தீன் வேரைவிடவும் இந்த வேலைக்குப் பொருத்தமானது என்றே சொல்வோம்.

கணினி செய்வதும் அதைத்தான். அர்க்கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் பவர்சிந்த் போன்ற மென்பொருள் பல இடவமைவுகளை உருவாக்கி, ஒவ்வொன்றின் தூண்டலையும் வெப்பத்தையும் விரைவு மாதிரிகளால் மதிப்பிட்டு வடிகட்டுகிறது. வடிகட்டும் நெறிமுறை என்எஸ்ஜிஏ-2, உயிர்களின் பரிணாமத்தைப் போலத் தலைமுறை தலைமுறையாகச் சிறந்தவற்றைத் தேர்வது. 2002இல் கான்பூர் ஐஐடியின் கல்யாண்மய் தேப் குழு வெளியிட்டது. அந்தக் கட்டுரையின் ஆசிரியர் நால்வரில் ஒருவர் மெய்யறிவன். விடையாக ஒரே வடிவம் வராது. ஒன்றையொன்று விஞ்சாத வடிவங்களின் வரிசை வரும். இரண்டு குறிக்கோள்களையும் எடையிட்டு ஒரே எண்ணாகக் கூட்டிவிட்டால் இந்த வரிசை கண்ணில் படாமலே போகும்.

கட்டுப்பாடுகளை நாம்தான் கொடுக்க வேண்டும். சில்லையும் தடத்தையும் இணைக்கும் கம்பியை ஒட்டும் கருவியின் முனை நுழைய இடம் கேட்காவிட்டால் மென்பொருள் விடாது நெருக்கும். சில்லுகளுக்கு அடியில் இருக்கும் அலுமினாத் தகட்டின் தடிமன் 0.38 மில்லிமீட்டர்தான் (அதன் மூலமான பாக்சைட்டு சேர்வராயன் மலை மேலேயே கிடக்கிறது). அதன் இருபுறமும் ஒட்டிய 0.3 மில்லிமீட்டர் செம்பு மேலே அதிகம் வெட்டப்பட்டு, அடியில் முழுதாக நின்றால், சூளையில் தகடு வளையும். தேர்ந்தெடுத்த இரண்டு மூன்று வடிவங்களை முழு வெப்பக் கணக்கில் மறுபடி சரிபார்த்த பிறகே செம்பு வெட்ட வேண்டும்.