ஆசிட் வீச்சில் கண் பாதிக்கப்பட்டவருக்கு இலவசச் சிகிச்சை எதுவரை?

ஆசிட் வீச்சுக்கு ஆளானவருக்கு உடனே, கட்டணமின்றி, முதலுதவியோ சிகிச்சையோ அளிப்பது அரசு மருத்துவமனைக்கு மட்டுமன்றித் தனியார் மருத்துவமனைக்கும் உரிய சட்டக் கடமையாகும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 397ஆம் பிரிவு இதைக் கூறுகிறது. இதை மீறும் மருத்துவமனைப் பொறுப்பாளருக்குப் பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 200ஆம் பிரிவின்கீழ் ஓராண்டு வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். காவல் துறைக்குத் தகவல் சொல்வதும் மருத்துவமனையின் பொறுப்பே என்பதால், 'எஃப்.ஐ.ஆர். எங்கே?' என்று கேட்டு நோயாளியை வாசலில் நிறுத்தி வைக்க இடமில்லை.

முதலுதவியோடு உரிமை முடிந்துவிடுவதாகப் பலர் எண்ணுகிறார்கள், அது தவறு. ஆசிட் வீச்சுக்கு ஆளான லட்சுமி தொடுத்த 'லட்சுமி எதிர் இந்திய ஒன்றியம்' வழக்கில் 2015 ஏப்ரல் 10 அன்று உச்ச நீதிமன்றம், மருந்து, உணவு, படுக்கை, சீரமைப்பு அறுவை ஆகியவை உள்ளடங்கிய முழுச் சிகிச்சையையும் தனியார் மருத்துவமனைகள் அளிக்க வேண்டும் என்று தெளிவுபடுத்தியது. வசதி இல்லாத மருத்துவமனையும் முதலுதவி அளித்து, உடல்நிலை சீரான பிறகே வேறிடத்துக்கு அனுப்ப வேண்டும்.

கண்ணைப் பொறுத்தவரை இந்த 'முழு' என்ற சொல்லுக்குத் தனி எடை உண்டு, ஏனெனில் கண்ணில் பட்ட ரசாயனக் காயம் ஒரே அறுவையில் ஆறுவது அரிது. முதல் வேலை, கண்ணைத் தண்ணீராலோ சலைன் நீராலோ குறைந்தது அரை மணி நேரம் கழுவுவதும், அமில-காரச் சோதனைத் தாள் இயல்பு நிலையைக் காட்டும் வரை அதைத் தொடர்வதும்தான். கடுமையான காயமெனில், முதல் சில நாள்களுக்குள் பனிக்குடச் சவ்வைக் கண்ணின் மேற்பரப்பில் போர்த்துவார்கள். இது, சிசேரியன் பிரசவத்தில் தாயின் சம்மதத்தோடு பெறப்பட்டு, எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமிகள் உள்ளிட்ட சோதனைகளுக்குப் பின் பதப்படுத்தப்படும் மெல்லிய உயிரிப்பொருள். அழற்சியைத் தணித்து, புதிய செல்கள் படர இடம் கொடுக்கும்.

கருவிழியின் ஓரத்தில் இருந்து அதன் மேற்பரப்புக்குப் புதிய செல்களை உருவாக்கித் தரும் ஸ்டெம் செல்கள் அழிந்திருந்தால், மாதங்கள் கழித்து அடுத்த கட்டம் வருகிறது. ஹைதராபாத் எல்.வி.பிரசாத் கண் மருத்துவ நிறுவன மருத்துவர்கள் 2012இல் வெளியிட்ட முறையில், நல்ல கண்ணின் ஓரத்திலிருந்து இரண்டு மில்லிமீட்டர் அளவுள்ள துணுக்கை எடுத்து, எட்டுப் பத்துச் சில்லுகளாக நறுக்கி, பாதிக்கப்பட்ட கண்ணில் விரித்த பனிக்குடச் சவ்வின்மேல் ஃபைப்ரின் என்ற ரத்த உறைவுப் புரதத்தால் ஆன பசையைக் கொண்டு ஒட்டி, மேலே லென்ஸ் ஒன்றை வைத்து மூடுகிறார்கள். ஆய்வகத்தில் செல்களை வளர்க்கத் தேவையில்லை என்பதால் செலவு குறைகிறது. இந்தச் செல்களைச் சரிசெய்யாமல் செய்யும் கருவிழி மாற்று அறுவை பெரும்பாலும் நிலைப்பதில்லை. இரண்டு கண்ணும் பழுதானவர்களுக்கு, நோயாளியின் கோரைப்பல்லை எலும்போடு எடுத்து, அதில் ஒளி புகும் சிறு உருளையைப் பொருத்திக் கண்ணில் வைக்கும் கடைசி வழியும் உண்டு. சென்னையில் அது செய்யப்படுகிறது. இவை அழகுக்கான அறுவைகள் அல்ல. எனவே, நீதிமன்றம் சொன்ன சீரமைப்பு அறுவைக்குள் இவையும் அடங்கும் என்பதே என் வாசிப்பு.

ஆண்டுக்கணக்கில் நீளும் இந்தச் சிகிச்சையில் எந்த மருத்துவமனைக்குப் போனாலும் கையில் இருக்க வேண்டிய தாள் ஒன்று உண்டு. முதலில் சேர்ந்த மருத்துவமனை, இவர் ஆசிட் வீச்சுக்கு ஆளானவர் என்று சான்றிதழ் தர வேண்டும். சிகிச்சைக்கும் சீரமைப்பு அறுவைக்கும் அரசின் பிற உதவிகளுக்கும் அதைப் பயன்படுத்தலாம் என்று அதே 2015 தீர்ப்பு கூறுகிறது. டிஸ்சார்ஜ் சம்மரியே போதும் என்று இருந்துவிடாமல், இதைத் தனியாகக் கேட்டு வாங்குவது நல்லது.

இழப்பீடு இதிலிருந்து வேறு. அதே லட்சுமி வழக்கில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த 2013 ஜூலை 18 ஆணைப்படி குறைந்தது 3 லட்சம் ரூபாய். அதில் 1 லட்சத்தை 15 நாள்களுக்குள்ளும், மீதியை அடுத்த இரண்டு மாதங்களுக்குள்ளும் வழங்க வேண்டும். பெண்களுக்கான 2018ஆம் ஆண்டு இழப்பீட்டுத் திட்டத்தில், முகம் சிதைந்திருந்தால் 7 முதல் 8 லட்சம் வரை உண்டு. விண்ணப்பத்தை மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் கொடுக்க வேண்டும். இத்தொகையைக் காட்டி மருத்துவமனை கட்டணம் கேட்க முடியாது.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் ஆசிட் வீச்சுக்கு ஆளானவர்களைத் தன் பட்டியலில் சேர்த்துள்ளது. வங்கிக் கணக்கு தொடங்க, கேமரா முன் கண் சிமிட்டச் சொல்லும் கே.ஒய்.சி. என்ற அடையாளச் சரிபார்ப்பு முறை, இமை சிதைந்தவருக்கு இயலாத காரியம். 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் இதற்கு மாற்று வழி ஏற்படுத்தப் பணித்தது.

வெற்றிலைச் சுண்ணாம்பு தெறித்த குழந்தைக்கோ, ஆலையில் காரம் (அல்கலி) என்ற ரசாயனம் பட்ட தொழிலாளிக்கோ இந்த 397ஆம் பிரிவு பொருந்தாது. அது குற்றச் செயலால் பாதிக்கப்பட்டவருக்கானது. இத்தனைக்கும் சுண்ணாம்பு போன்ற காரம் பெரும்பாலான அமிலங்களைவிட ஆழமாக ஊடுருவுகிறது. தொழிலாளி இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் சேர்ந்தவராக இருந்தால் அதன்வழிச் சிகிச்சை பெறலாம். மற்றவர்கள் அரசு கண் மருத்துவமனையை அணுகலாம், அல்லது தங்கள் காப்பீட்டு அட்டையின் சிகிச்சைப் பட்டியலில் சவ்வுப் பதிப்பும் ஸ்டெம் செல் அறுவையும் உள்ளனவா என்று, முதல் கட்ட அவசரம் தணிந்ததும், மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் எழுத்து மூலம் கேட்டுக்கொள்ளலாம்.