சாய்ந்த கரும்பும் சுழலும் செடியும்

மொரீஷியஸில் புயல் ஓய்ந்த மறுநாள் கரும்புத் தோட்டத்தைப் பார்த்தால் வயிறு எரியும். ஆளை மறைக்கும் கரும்பெல்லாம் பாய் விரித்ததுபோல் படுத்துக் கிடக்கும். சில வாரம் கழித்து அதே வழியாகப் போங்கள். அடித்தண்டு தரையில் கிடக்க, நுனிப்பக்கம் மட்டும் கணுக்களில் வளைந்து மேலே எழுந்திருக்கும். தோட்டத்தில் கரும்பு வெட்டிய என் தாத்தா, "அதுக்கு மேல எது, கீழ எதுன்னு தெரியும்டா" என்பார். எப்படித் தெரிகிறது என்று சொல்ல அவருக்கு வழியில்லை. எனக்கு அது புரிய வெகுகாலம் ஆயிற்று. செடிக்கு அந்தத் திசை தெரியாதபடி சுழற்றினால் அதிலுள்ள மருந்துப் பொருள் கூடுமா என்ற கேள்விக்கும் அங்கிருந்துதான் வந்தேன்.

கணுவை ஒட்டிய சில செல்களுக்குள் மாவுச்சத்து நிறைந்த மணிகள் இருக்கின்றன. தண்ணீரில் போட்ட ஜவ்வரிசிபோல அவை கீழ்ப்பக்கம் போய்ப் படியும். தண்டு சாய்ந்தால் படியும் பக்கமும் மாறும். உடனே ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் கீழ்ப்பக்கத்தில் கூடுகிறது, அந்தப் பக்கம் வேகமாக நீள்கிறது, தண்டு எழும்புகிறது. வேர் நுனியிலும் இதே மணிகள்தான். ஆனால் வேரில் ஆக்சின் கூடிய பக்கம் வளர்ச்சி மந்தமாகும், அதனால் வேர் கீழ்நோக்கி வளையும்.

சரி, அந்த மணிகளைப் படியவே விடாமல் செய்தால்? அதைத்தான் கிளினோஸ்டாட் செய்கிறது. செடியைப் படுக்கைவாட்டில் பிணைத்து, நிமிடத்துக்கு ஒன்றிரண்டு சுற்று என்று மெதுவாகச் சுழற்றும் கருவி அது. மணிகள் ஒரு பக்கம் இறங்கத் தொடங்குவதற்குள் அந்தப் பக்கமே மேலே போய்விடும். 19ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மன் தாவரவியலாளர் யூலியஸ் சாக்ஸ் இதைப் பயன்படுத்தினார். இப்போது இரண்டு அச்சுகளில் திசை மாற்றிச் சுழற்றும் கருவிகளும் வந்துவிட்டன.

எடையில்லாத விண்வெளியில் செடி எப்படி வளரும் என்று தரையிலேயே ஓரளவு பார்க்கத்தான் இந்தச் சுழற்சி. ஆனால் இதில் ஈர்ப்பு எங்கும் போய்விடவில்லை. செடிக்குத் திசை பிடிபடவில்லை, அவ்வளவுதான். விண்வெளி நிலையத்திலும் பூமியின் ஈர்ப்பு தரையில் இருப்பதில் ஏறத்தாழ 90 சதவீதம் இருக்கிறது. நிலையம் ஓயாமல் விழுந்துகொண்டே சுற்றுவதால்தான் அங்கே எடை தெரிவதில்லை. இன்னொரு வித்தியாசமும் உண்டு: அங்கே சூடான காற்று தானாக மேலே எழாது. விசிறி இல்லாவிட்டால் இலையைச் சுற்றிய காற்று அப்படியே தேங்கிவிடும். தரையில் சுழலும் செடிக்கு அந்தத் திணறல் கிடையாது. சுழற்சியே ஒரு தொந்தரவு என்பதால், பக்கத்தில் நிமிர்ந்த நிலையிலேயே சுழலும் இன்னொரு செடியையும் வளர்த்து ஒப்பிட வேண்டும். அது இல்லாத சோதனையை நான் நம்புவதில்லை.

இனி மருந்துக்கு வருவோம். நாம் மருந்து என்று எடுத்துக்கொள்ளும் பொருள்கள் பெரும்பாலும் செடி பூச்சியையும் பூஞ்சையையும் கடும் வெயிலையும் சமாளிக்கச் செய்துகொள்பவை. இவற்றில் பலவற்றுக்கும், தண்டை நிமிர்த்தி வைக்கும் லிக்னினுக்கும் ஃபினைல்அலனின் என்ற ஒரே அமினோ அமிலம்தான் மூலப்பொருள். எடை தாங்கத் தேவையில்லாத இடத்தில் லிக்னின் எதற்கு? 1982 மார்ச்சில் கொலம்பியா விண்கலத்தில் எட்டு நாள் இருந்த பச்சைப்பயறு நாற்றுகளில், தரையில் வளர்ந்தவற்றைவிட லிக்னின் குறைவாகவே இருந்தது. மிச்சமான பொருளெல்லாம் மருந்தாகிவிடும் என்று அவசரப்படக் கூடாது. ஃபினைல்அலனினை எடுத்துக்கொடுக்கும் நொதியே மந்தமானால் இரண்டும் சேர்ந்து குறையும்.

கூடியதற்கும் சான்று உண்டு. விண்வெளியில் வளர்ந்த கடுகின் உறவுச் செடி ஒன்றில், காரத்துக்குக் காரணமான குளுக்கோசினோலேட் வகைகளில் ஒன்று சராசரியாக 75 சதவீதம் அதிகம் இருந்தது. நாம் இங்கே பிரெட் மூரூம் என்று ஆக்கிச் சாப்பிடும் முருங்கைக் கீரையிலும் இதே குடும்பப் பொருள்கள்தான் இருக்கின்றன. முருங்கை நாற்றைச் சுழற்றினால் என்ன ஆகும் என்று இதை அறிந்த நாளிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

என் மனம் அதைவிட அதிகமாகப் போவது நித்தியகல்யாணியிடம். பக்கத்திலுள்ள மடகாஸ்கரில் பிறந்து, இங்கே கடற்கரை மணலிலும் கோயில் சுவரோரமும் தானாக முளைக்கும் செடி. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்குத் தரும் வின்கிறிஸ்டின் இதிலிருந்து வருகிறது. இதே செடி தரும் இன்னொரு புற்றுநோய் மருந்தான வின்பிளாஸ்டின் ஒரு கிராம் எடுக்க ஏறக்குறைய 500 கிலோ காய்ந்த இலை வேண்டும். ஏன் இவ்வளவு கஞ்சத்தனம்? வின்பிளாஸ்டின் இரண்டு பாதிகள் சேர்ந்து உருவாவது. கேதரந்தின் என்ற பாதியைச் செடி இலையின் மேற்பரப்புக்குத் தள்ளிவிடுகிறது. வின்டோலின் என்ற மறுபாதியை இலைக்கு உள்ளேயே வைத்துக்கொள்கிறது. இரண்டும் சந்திப்பதே அரிது. வின்டோலின் உருவாக வெவ்வேறு வகைச் செல்கள் கைமாற்றி வேலை செய்ய வேண்டும் என்பதால், செல்களை மட்டும் குடுவையில் வளர்த்தாலும் அது கிடைப்பதில்லை.

அதனால்தான் "சுழற்றினால் மருந்து கூடுமா" என்ற கேள்வி எனக்குப் போதவில்லை. மருந்தோடு நஞ்சும் கூடலாம். நித்தியகல்யாணிக் கஷாயத்தை வீட்டில் காய்ச்சிக் குடிப்பது இப்போதே ஆபத்து. திசை தெரியாமல் வளர்ந்த இலையில் செல்களின் அடுக்கு மாறுமா, பிரித்து வைத்த அந்த இரண்டு பாதிகளும் நெருங்குமா என்றுதான் கேட்க வேண்டும். முதல் அடி எடுத்து வைக்க விண்கலம் தேவையில்லை. மெதுவாகச் சுழலும் ஒரு மோட்டார், கடற்கரையில் பிடுங்கிய ஒரு நாற்று, பக்கத்தில் நிமிர்ந்தபடி சுழலும் இன்னொரு நாற்று, இலையை அளந்து பார்க்க ஒரு ஆய்வகம் போதும்.