பைபிளின் முதல் பக்கத்தில் நான்கு தேதிகள்

சில மாதங்களுக்கு முன் ஆலோசனைக்கு வந்த ஒரு சகோதரர் தன் பைபிளின் முதல் பக்கத்தைத் திறந்து காட்டினார். "இன்று என்னை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்தேன்" என்று எழுதி, கீழே நான்கு தேதிகள். நான்கும் கன்வென்ஷனின், அதாவது பந்தல் போட்டுப் பல நாள் நடக்கும் எழுப்புதல் கூட்டங்களின், கடைசி நாள் இரவுகள். பேனா மை மட்டும் வேறு வேறு. "ஐயா, அஞ்சாவது தேதி எழுதப் பயமா இருக்கு" என்றார்.

போதகர் ஊழியத்தில் இப்படி எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். அந்த இரவின் கண்ணீரை நான் சந்தேகப்படுவதே இல்லை. பந்தலைப் பிரித்த பிறகு, ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்க ஆளில்லை என்பதுதான் என் கவலை.

பைபிளில் ரோமர் 12:2-ல் 'மறுரூபமாகுங்கள்', அதாவது உள்ளே மாறுங்கள், என்று வாசிக்கிறோமே, கிரேக்க மூலத்தில் அது ஒரே இரவில் முடிவதை அல்ல, தொடர்ந்து நடப்பதைக் குறிக்கும் வினை. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஆங்கிலேயப் போதகர் ஜான் வெஸ்லியின் ஆட்கள், இதற்கு வாராவாரம் விசாரிக்க ஆள் வேண்டும் என்பதைத் தற்செயலாகக் கண்டுகொண்டார்கள். 1742-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ஆலயக் கடனை அடைக்க ஆளுக்கு வாரம் ஒரு பென்னி என்று முடிவாயிற்று. வசூலிக்க, சுமார் 12 பேருக்கு ஒரு தலைவர். காசு வாங்க வீடு வீடாகப் போனவர்கள் வீட்டு நிலவரத்தையும் பார்த்துவிட்டு வந்தார்கள். மெதடிஸ்டுகளின் வாராந்தர வகுப்புக் கூட்டம் பிறந்தது அப்படித்தான். நாமும் சபையார் தரும் சங்கக் காணிக்கைக்கு வீடு வீடாகப் போகிறோம். ரசீதைக் கிழித்துக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம்!

அப்புறம், சக ஊழியர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தச் சகோதரருக்குக் குடிப்பழக்கம். மூன்றாவது தேதிக்கு மறுநாளிலிருந்து ஒரு சொட்டுத் தொடவில்லை. இரண்டாம் நாள் கை நடுங்கி, வலிப்பு வந்து விழுந்திருக்கிறார். 'பிசாசின் போராட்டம்' என்று சொல்லி ஜெபித்தார்களாம். வருடக்கணக்கில் தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் உடம்பு அப்படிக் காட்டும், உயிரே போகலாம். உடனே மருத்துவரிடம் கொண்டுபோங்கள், போகிற வழியில் ஜெபியுங்கள். இதில் அவிசுவாசம் எதுவும் இல்லை.

இப்போது அவர் மருத்துவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். செவ்வாய்தோறும் நாங்கள் நாலு பேர் ஆலய வராந்தாவில் உட்காருகிறோம். ஒரு வாரம், "குடிச்சிட்டேன்" என்று அவராகவே சொன்னார். போன வாரம், மளிகைக்கடை பாக்கி எண்ணூறு ரூபாயைக் கொடுத்துவிட்டு, கடைக்காரர் நோட்டில் தன் பெயரை அடித்ததை நின்று பார்த்துவிட்டு வந்ததாகச் சொன்னார். ஐந்தாவது தேதியை அவர் இன்னும் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.