போர்ட்டில் பச்சை விளக்கு, இணையம் மட்டும் இல்லை

எனக்குப் பழக்கமான ஓர் அலுவலகத்தில் இரண்டு இணைய இணைப்புகள். இரண்டுக்கும் மாதாமாதம் பணம் கட்டுகிறார்கள். ஒருநாள் காலை தெருமுனையில் பள்ளம் தோண்டிய ஜேசிபி, ஃபைபரை அறுத்துவிட்டது. பில் போட முடியவில்லை என்று போன் வந்தது. போய்ப் பார்த்தால் இரண்டாவது இணைப்பு நன்றாகவே இருக்கிறது. ரவுட்டர்தான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

மாற்று ரூட், அதாவது இரண்டாவது இணைப்பு வழியான பாதை, எழுதாமல் இல்லை. சிஸ்கோ ரவுட்டரில் நாம் கையால் எழுதும் சாதாரண ஸ்டாட்டிக் ரூட்டின் டிஸ்டன்ஸ், அதாவது முன்னுரிமை எண், 1. மாற்று ரூட்டுக்கு 250 கொடுத்திருந்தார்கள். எண் குறைந்ததுதான் ரூட்டிங் டேபிளில், அதாவது ரவுட்டர் பயன்படுத்தும் பாதைப் பட்டியலில், உட்காரும். அது விழுந்தால் அடுத்தது மேலே வரும். 255 மட்டும் கொடுத்துவிடாதீர்கள், அந்த ரூட் டேபிளுக்கு வரவே வராது.

ஆனால் முதல் ரூட் விழவில்லை. ரவுட்டரிலிருந்து போகும் கேபிள் சுவரிலிருந்த மீடியா கன்வர்ட்டரோடு, அதாவது ஃபைபரைச் சாதாரண நெட்வொர்க் கேபிளாக மாற்றித் தரும் பெட்டியோடு, முடிகிறது. ஃபைபர் அறுந்தது அதற்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கம் போர்ட்டில் பச்சை விளக்கு எரிகிறது. இன்டர்ஃபேஸ் (அந்த போர்ட்) உயிரோடு இருக்கும்வரை ரவுட்டர் அந்த ரூட்டை விடாது, பாக்கெட்டுகளை (தரவுத் துண்டுகளை) அங்கேயே கொட்டிக்கொண்டிருக்கும்.

அதனால் ரவுட்டரே பிங் செய்து, அதாவது ஒரு முகவரிக்குச் சின்ன பாக்கெட் அனுப்பிப் பதில் வருகிறதா என்று, பார்க்க வேண்டும். இப்படி விடாமல் பிங் செய்யும் ஐபி எஸ்எல்ஏ வசதியை அமைத்து, அதன் முடிவைக் கவனிக்கும் டிராக் வழியாக முதல் ரூட்டோடு கட்டினோம்; பிங் தோற்றால் அந்த ரூட் விழும். பக்கத்து கேட்வேயை (ரவுட்டருக்கு அடுத்த முதல் நிறுத்தத்தை) மட்டும் பிங் செய்தால் போதாது; அது பதில் சொன்னாலும், அதற்கு அப்பால் இணையம் இல்லாமல் இருக்கலாம். 8.8.8.8 போல வெளியே உள்ள முகவரி வேண்டும். அந்த ஒரு முகவரிக்கு முதல் இணைப்பு வழியாகத் தனியே /32 ரூட் (அந்த முகவரிக்கு மட்டுமான பாதை) எழுதுவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். விட்டால், மாற்றுப் பாதைக்கு மாறியதும் பிங்கும் அதே வழியாகப் போய் வெற்றி பெறும். முதல் இணைப்பு சரியாகிவிட்டது என்று நம்பி ரவுட்டர் திரும்பும், மறுபடி விழும். நாள் முழுக்க இந்த ஊசலாட்டம்தான்.

அன்று மாலை எல்லோரும் கிளம்பிய பிறகு சோதித்தோம். ரவுட்டர் கேபிளைத் தொடவில்லை. மீடியா கன்வர்ட்டரின் ஃபைபரைக் கழற்றினேன். ரூட் மாறியது, ஆனால் ஒரு பக்கம்கூடத் திறக்கவில்லை. இரண்டாவது இணைப்புக்கு நாட் விதி, அதாவது அலுவலகத்தின் உள் முகவரிகளை வெளி முகவரியாக மாற்றும் விதி, எழுதப்படவே இல்லை! எழுதிவிட்டு மறுபடி கழற்றினேன். கால் நிமிடம் பிங் நின்றது, அப்புறம் ஓடத் தொடங்கியது.

இப்போது மாதம் ஒருநாள் மாலை, அந்த அலுவலகத்துப் பையனே ஃபைபரைக் கழற்றிப் பார்த்துவிட்டு எனக்கு மெசேஜ் அனுப்புகிறான்.