கேமராடரி: தமிழில் தோழமை

கேமராடரி பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். ஒரே வேலையில், ஒரே அல்லலில் கூடக் கிடந்தவர்களுக்குள் உண்டாகும் ஒட்டுதல் என்று பொருள். படைப்பிரிவு, கிரிக்கெட் அணி, நாடகக் குழு என்று ஆட்கள் சேர்ந்து பாடுபடும் இடங்களில்தான் இது பெரும்பாலும் காதில் விழும். இதைத் தூக்கிக் காதலுக்குள் வைத்தவர் ஆங்கில நாவலாசிரியர் தாமஸ் ஹார்டி.

முதலில் வேர். லத்தீனில் ‘கமெரா’ என்றால் வளைவுக் கூரை போட்ட அறை. ஸ்பானிய மொழியில் அறைக்கு ‘காமரா’, ஒரே அறையில் தங்குபவனுக்கு ‘கமராதா’. அது பிரெஞ்சில் ‘கமராட்’ ஆகி, ஆங்கிலத்தில் ‘காம்ரேட்’ ஆனது. கமராட் என்பதிலிருந்து பிறந்த பண்புப்பெயர்தான் கேமராடரி. நாம் படம் பிடிக்கும் கேமராவும் இந்த அறைதான்; ‘இருட்டறை’ என்ற லத்தீன் தொடரில் இருட்டு கழன்றுபோய் அறை மட்டும் மிஞ்சியது. போர்த்துகீசியர் வழியாக இதே சொல் நம் பக்கமும் வந்தது. இலங்கை மலையகத்தில் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் இருக்கும் ‘லயக் காம்பரா’வில் இன்றும் அதைக் கேட்கலாம். ஆக, காம்ரேட்டும் காம்பராவும் உறவுக்காரர்கள்.

இனி ஹார்டி. 1874இல் இதழில் தொடராக வந்த அவருடைய ‘ஃபார் ஃப்ரம் த மேடிங் க்ரவுட்’ நாவல் தென்மேற்கு இங்கிலாந்தின் டார்செட் வட்டாரத்து ஆட்டுப் பட்டிகளிலும் வைக்கோல் போர்களிலும் நடக்கிறது. மாமாவின் பண்ணை பாத்ஷீபாவின் கைக்கு வருகிறது. அவளைச் சுற்றி மூன்று ஆண்கள். விளையாட்டாக அவள் அனுப்பிய ஒரு வேலன்டைன் அட்டையை நம்பிப் பித்துப் பிடித்துப்போகிறார் பக்கத்துப் பண்ணைக்காரர் போல்ட்வுட். வாள் வீசிக் காட்டியே அவள் மனதைக் கவர்ந்து மணந்துகொள்கிறான் சார்ஜென்ட் ட்ராய். மூன்றாமவன் கேப்ரியல் ஓக். முதலில் பெண் கேட்டு மறுக்கப்பட்டவன், பிறகு அவளிடமே மேய்ப்பனாக வேலைக்குச் சேர்ந்தவன்.

நாவலில் காதல் எங்கே இருக்கிறது என்று கேட்டால் நான் புயல் இரவைத்தான் காட்டுவேன். அறுவடை விருந்தில் ட்ராய் பண்ணை ஆட்கள் எல்லோருக்கும் பிராந்தியை ஊற்றிக் கொடுத்துக் களஞ்சியத்தில் சாய்த்துவிட்டான், தானும் சாய்ந்துவிட்டான். பாதையைக் கடக்கும் தேரையையும், ஒண்டி நிற்கும் ஆடுகளையும் பார்த்து மழை வரும் என்று ஓக்குக்குத் தெரிந்துவிடுகிறது. வெளியே மூடாமல் கிடப்பவை எட்டுப் போர்கள்: ஐந்து கோதுமை, மூன்று பார்லி. மதிப்பு 750 பவுண்டு என்று மனக்கணக்குப் போடுகிறான். தனி ஆளாய்ப் போர்த்தத் தொடங்குகிறான். இடிதாங்கியாக ஒரு சங்கிலியைத் தொங்கவிடுகிறான். நடுவில் பாத்ஷீபா வந்து கட்டுகளைத் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறி இறங்குகிறாள். மின்னல் ஒரு மரத்தைப் பிளக்கிறது. ட்ராயை ஏன் அவசரப்பட்டுக் கட்டிக்கொண்டாள் என்பதையும் அந்தப் போரின் மேல்தான் சொல்கிறாள். அவள் இன்னொருவன் மனைவி. காதல் பேச்சுக்கே இடமில்லை. கேட்பதற்கு ஆள் இருக்கிறான், அவ்வளவுதான்.

கேமராடரி என்ற சொல் நாவலின் முடிவை ஒட்டி, ஓக்கும் பாத்ஷீபாவும் கடைசியில் ஒன்றுசேரும் இடத்தில்தான் வருகிறது. ஒரே தொழிலால் விளையும் இந்த உறவு ஆண் பெண் காதலோடு சேர்வது அரிது, ஏனென்றால் அவர்கள் கூடுவது உல்லாசத்தில்தான், உழைப்பில் இல்லை என்கிறார் ஹார்டி. அப்படிச் சேர்ந்துவிட்டால் அதற்கு மரணத்தின் வலிமை உண்டு என்று விவிலியத்தின் உன்னதப்பாட்டைத் தொட்டுக்கொள்கிறார். தமிழ் விவிலியத்தில் அது ‘நேசம் மரணத்தைப்போல் வலிது’, ‘திரளான தண்ணீர்கள் நேசத்தை அவிக்கமாட்டாது’ என்று இருக்கிறது. மழையிலிருந்து காப்பாற்றிய அந்த எட்டுப் போர்களை நினைத்துக்கொண்டு படித்தால் தண்ணீர் சும்மா வரவில்லை என்று தெரியும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? நட்பு போதாது, நண்பர்கள் சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்று கட்டாயமில்லை. கூட்டாளி என்பதில் வேலை இருக்கிறது, ஆனால் பங்குக் கணக்கின் வாடையும் அடிக்கிறது. சகோதரத்துவம் பெண்ணை வெளியே நிறுத்திவிடும். தோழமைதான் சரி. கம்பனின் குகன், இராமன் தன்னைத் தோழன் என்று சொன்னதை நினைத்து ‘தோழமை என்று அவர் சொல்லிய சொல் ஒரு சொல் அன்றோ’ என்று உயிரைக் கொடுக்கத் துணிகிறான். மரணத்துக்கு ஈடாக நிற்கும் வலிமை நம் சொல்லுக்கும் உண்டு. ஐரோப்பா, சோவியத் நாடு சுற்றி 1932இல் திரும்பிய பெரியார் ‘தோழர்’ என்று அழைக்கச் சொன்ன பிறகு, காம்ரேட்டின் இடத்தில் அது நிலைத்தும்விட்டது.

ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. பழைய இலக்கியத்தில் தலைவிக்குத் தோழி, தலைவனுக்குத் தோழன். தலைவனும் தலைவியும் தோழமை கொண்டதாகப் பேசுவது வழக்கமில்லை. ஆகவே ஓக், பாத்ஷீபா கதையைத் தமிழில் சொல்லும்போது ‘தோழமை கலந்த காதல்’ என்று இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கும். மற்ற இடங்களில் வெறும் தோழமை போதும். ‘தோழமை உணர்வு’ என்று வால் ஒட்ட வேண்டியதில்லை.