ரவுட்டருக்கும் கவ்வாத்து உண்டு

ஐப்பசி மாதத்தில் இலங்கை மலையகத்து ஹட்டன் பக்கம் பகல் இரண்டு மணிக்குமேல் கரண்டை நம்பி எந்த வேலையும் தொடங்கக் கூடாது. தெரிந்தும் ஒருநாள் வீட்டு ரவுட்டரின் மென்பொருளை மாற்ற உட்கார்ந்தேன். பாதி ஏறியிருக்கும், மலைக்கு அந்தப் பக்கம் ஓர் இடி, எங்கள் தோட்டத்து லயன் வீடுகள் முழுக்க இருட்டு. கரண்ட் திரும்பியபோது பெட்டியில் ஒரேயொரு விளக்கு மட்டும் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. வைஃபை பெயரையே காணோம். “செத்துருச்சா அண்ணே?” என்றாள் தங்கச்சி. அவளுக்கு மறுநாள் ஆன்லைன் வகுப்பு. அரை மணி நேரத்தில் அதே பெட்டி எழுந்துவிட்டது. அது எப்படிப் பிழைத்தது என்று விளங்கினால், எந்த ரவுட்டரை வாங்கலாம், எதைக் கடையிலேயே விட்டுவிட்டு வரலாம் என்பதும் விளங்கிவிடும்.

ரவுட்டர் என்பது திரையும் கீபோர்டும் இல்லாத சின்னக் கணினி. உள்ளே புரொசசர், ரேம், ஃபிளாஷ் நினைவகம் மூன்றும் உண்டு. ஃபிளாஷில் குடியிருக்கும் இயங்குதளத்தைத்தான் ஃபர்ம்வேர் என்கிறோம். பல வீட்டு ரவுட்டர்களில் அது லினக்ஸ். மேலே கம்பனியின் சட்டை. 2002 கடைசியில் லிங்க்சிஸ் விற்கத் தொடங்கிய டபிள்யூஆர்டி54ஜி என்ற நீலப் பெட்டிக்குள் லினக்ஸ் ஓடுவதை 2003இல் சிலர் கண்டுபிடித்தார்கள். லினக்ஸின் ஜிபிஎல் உரிமப்படி, அதை வைத்துப் பொருள் விற்பவர் மூலநிரலையும் கொடுக்க வேண்டும். கேட்டார்கள், கொடுத்தார்கள். அதிலிருந்து 2004இல் முளைத்ததுதான் ஓப்பன் டபிள்யூஆர்டி என்ற திறமூல ஃபர்ம்வேர், அதாவது மூலநிரலை யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய ஃபர்ம்வேர். பெயரின் வால் பகுதி அந்தப் பழைய பெட்டியிலிருந்து வந்தது.

சும்மா ஓடுகிற பெட்டியை ஏன் நோண்ட வேண்டும்? கம்பனிகள் ஒரு மாடலுக்குச் சில வருடம் அப்டேட் தரும், பிறகு கைகழுவிவிடும். ஓட்டை மட்டும் அப்படியே இருக்கும். 2018இல் விபிஎன்ஃபில்டர் என்ற தீநிரல் 54 நாடுகளில் 5 இலட்சம் பெட்டிகளுக்குள் புகுந்தது நினைவிருக்கலாம். திறமூல ஃபர்ம்வேர் ஏற்றினால், கம்பனி மறந்த பல பெட்டிகளுக்கும் திருத்தங்கள் வந்துகொண்டிருக்கும்.

இனி அந்த அரை மணி நேரத்துக்கு வருகிறேன். ஃபிளாஷ் நினைவகம் ஒரு லயன் மாதிரி. ஒரே நீளக் கட்டடம், நடுவே சுவர் வைத்துப் பிரித்த காம்பராக்கள். முதல் காம்பராவில் பூட்லோடர். கரண்ட் வந்ததும் முதலில் விழிப்பது இதுதான். அடுத்த காம்பராவில் இருக்கும் லினக்ஸைத் தட்டி எழுப்புவது இதன் வேலை. பல மாடல்களில் கடைசிக் காம்பராவில் ரேடியோவின் அளவுத்திருத்தத் தரவு இருக்கும். தொழிற்சாலையில் ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனியாக அளந்து எழுதியது அது. அழிந்தால் இன்னொரு பெட்டியிலிருந்து கடன் வாங்கவும் முடியாது. ஆகவே ஓப்பன் டபிள்யூஆர்டி ஏற்றியவுடன் முதல் வேலையாக அதைப் பிரதியெடுத்துக் கணினியில் வைத்துவிடுங்கள்.

ஃபிளாஷில் பழைய எழுத்தின்மேல் நேரே புதிய எழுத்தை எழுத முடியாது. ஒரு தொகுதியை, சாதாரணமாக 64 கேபி அளவில், முழுசாக அழித்துவிட்டுத்தான் எழுத வேண்டும். நடுவில் கரண்ட் போனால் லினக்ஸின் காம்பரா பாதி இடிந்த நிலையில் நின்றுவிடும். ஆனால் வழக்கமான அப்டேட் பூட்லோடரின் காம்பராவைத் தொடுவதே இல்லை. என் பெட்டி பிழைத்தது அதனால்தான். ரீசெட் பட்டனை அழுத்திப் பிடித்தபடி சுவிட்சைப் போட்டதும், பூட்லோடர் வயரில் கோர்த்திருந்த கணினியிடம் டிஎஃப்டிபி என்ற எளிய கோப்பு அனுப்பும் முறையில் “ஃபர்ம்வேர் இருந்தால் கொடு” என்று கேட்டது. கொடுத்தேன்.

அது சரி, கவ்வாத்து எங்கே வந்தது? ஓப்பன் டபிள்யூஆர்டி தன் அடிப்படைக் கோப்புகளைச் சுருக்கி, மாற்றவே முடியாத ஓர் அடுக்காக வைக்கிறது. நீங்கள் வைக்கும் பாஸ்வேர்ட், நிறுவும் பொதிகள் (கூடுதல் மென்பொருள்கள்) எல்லாம் அதன்மேல் இன்னோர் அடுக்கில் எழுதப்படுகின்றன. ஒரு கோப்பைத் தேடினால் முதலில் மேலடுக்கு, அங்கே இல்லாவிட்டால் கீழடுக்கு. அமைப்பை நீங்கள் எப்படிக் குழப்பினாலும், மேலடுக்கை மட்டும் வெட்டி எறிந்தால் போதும். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டினால் கட்டை நிற்கும், பிறகு கொழுந்து துளிர்க்கும். ரீசெட் என்பது அதே வேலைதான்.

வாங்கும்போது பெட்டிமேல் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் வேகத்தைப் பார்க்காதீர்கள். அது காற்றில் கிடைக்கும் உச்சக் கணக்கு, உங்கள் இணைப்பின் வேகமல்ல. பார்க்க வேண்டியது ஃபிளாஷும் ரேமும். 4 எம்பி ஃபிளாஷ் அல்லது 32 எம்பி ரேம் உள்ள பெட்டிகளுக்கு ஓப்பன் டபிள்யூஆர்டியின் 19.07 பதிப்போடு கதை முடிந்தது; அந்தப் பதிப்புக்கும் 2022இல் ஆதரவு நின்றுவிட்டது. 16 எம்பி ஃபிளாஷ், 128 எம்பி ரேம் இருந்தால் நிம்மதி.

இதைவிட மோசமான பொறி வன்பொருள் பதிப்பு. டிபி-லிங்க் டபிள்யூஆர்841என் என்ற ஒரே பெயரில், 13ஆம் பதிப்பில் 8 எம்பி ஃபிளாஷும் 64 எம்பி ரேமும் இருந்தன. 14ஆம் பதிப்பில் பழையபடி 4, 32. வெளித்தோற்றத்தை வைத்துச் சொல்ல முடியாது. கொழும்பு பம்பலப்பிட்டிக் கடையில் வாங்கினாலும், பழைய பெட்டியை யாரிடமாவது வாங்கினாலும், கவிழ்த்து ஸ்டிக்கரில் பதிப்பு எண்ணைப் பாருங்கள். ஓப்பன் டபிள்யூஆர்டியின் வன்பொருள் அட்டவணையில் அதே எண் இருந்தால் மட்டும் காசை எடுங்கள். மீடியாடெக் சிப்புகளின் வைஃபை டிரைவர் (சிப்பை இயக்கும் நிரல்) திறமூலமாக இருப்பதால் என் ஓட்டு அதற்கு. பிராட்காம் சிப் என்றால் நான் தொடமாட்டேன். 2024இல் வந்த ‘ஓப்பன் டபிள்யூஆர்டி ஒன்’ பெட்டியில் மீட்புக்கென்றே தனி ஃபிளாஷ் சிப் வைத்து, அதில் தவறி எழுதிவிடாதபடி பூட்டியும் இருக்கிறார்கள். கரண்டை நம்ப முடியாத ஊருக்கு இது பொருத்தமான யோசனை.

ஃபைபர் பெட்டியையோ சிம் போடும் 4ஜி பெட்டியையோ மாற்ற வேண்டியதில்லை. அது பாட்டுக்கு இருக்கட்டும். அதன் பின்னால் உங்கள் ரவுட்டரை வயரில் கோர்த்தால் போதும். 4ஜி சிக்னல் இறங்கினால் பனிமூட்டத்தைத் திட்டாதீர்கள். இந்த அலைவரிசைகளில் பனியால் பெரிய பாதிப்பு இல்லை. நனைந்த டர்பன்டைன் மர இலைகளும் தகரக் கூரையும்தான் குற்றவாளிகள். பெட்டியை டவர் பக்கத்து ஜன்னலுக்கு நகர்த்திப் பாருங்கள்.

வீட்டில் ஒருவர் வீடியோ அனுப்பும்போது மற்றவரின் அழைப்பு திக்குகிறதா? அது பெரும்பாலும் வரிசைச் சிக்கல். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் ஒருவர் பத்துச் சாக்குக் கொழுந்தோடு முன்னால் நின்றால், ஒரு கூடையோடு வந்தவரும் அத்தனையும் நிறுத்து முடியும்வரை நிற்க வேண்டும். ரவுட்டரிலும் மோடத்திலும் தரவுப் பொட்டலங்கள் இப்படியே தேங்குகின்றன. எஸ்கியூஎம் என்ற பொதியை நிறுவினால், அதிலுள்ள கேக் நிரல் ஒவ்வொரு இணைப்புக்கும் தனி வரிசை வைத்து மாறி மாறி அனுப்பும். குரல் அழைப்பு போன்ற சின்னக் கூடைகள் சட்டென்று கடந்துவிடும். இணைப்பின் உண்மை வேகத்தில் 90 வீதம் அளவுக்கு எல்லை வைத்தால், தேக்கம் மோடத்தில் சேராமல் உங்கள் கைக்குள் நிற்கும். 4ஜியில் வேகம் மணிக்கு மணி மாறுவதால் இந்த எண்ணைக் கொஞ்சம் தாழ்த்தி வைக்க வேண்டிவரும். டேட்டா எண்ணிச் செலவழிக்கும் வீடுகளுக்கு என்எல்பிடபிள்யூமொன் பொதியும் உதவும். எந்தப் போன் எவ்வளவு தின்றது என்று காட்டிவிடும். எங்கள் வீட்டில் அதைப் போட்ட அன்று சின்னச் சண்டையே வந்தது.

பராமரிப்பில் பெரிய வித்தை இல்லை. அப்டேட் செய்யுமுன் அமைப்புகளைப் பிரதியெடுங்கள். இறக்கிய கோப்பின் எஸ்ஹெச்ஏ256 எண்ணை (கோப்பின் கைரேகை மாதிரி) தளத்தில் போட்டிருப்பதோடு ஒப்பிடுங்கள். காலையில் வானம் தெளிந்திருக்கும்போது செய்யுங்கள். 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்று இருந்தால் என் மாதிரி மாட்டிக்கொள்ள மாட்டீர்கள். வாங்குமுன் ரவுட்டர் அடாப்டரில் வோல்ட்டும் அம்பியரும் பாருங்கள். இன்னொன்று: பெரும்பாலான ரவுட்டர்களில் கடிகாரத்துக்கு பேட்டரி கிடையாது. கரண்ட் போய் வந்ததும் அது பழைய தேதியில் விழிக்கும், இணையம் கிடைத்த பின்தான் சரியான நேரம் தெரியும். ரவுட்டர் தனக்குள் நடப்பதை எழுதிவைக்கும் பதிவேடும் ரேமில் இருப்பதால் மறைந்துவிடும். ஃபிளாஷ் தேயாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. பழுது வந்தால் பெட்டியை அணைக்குமுன் பதிவேட்டைப் பார்த்துவிடுங்கள்.

இடி முழங்கினால் சுவிட்சை அணைத்தால் போதும் என்று நினைக்கிறோம். சுவிட்சின் சின்ன இடைவெளியை மின்னல் தாண்டிவிடும். பிளக்கையே கழற்ற வேண்டும். செப்புத் தொலைபேசி வயர், கூரைமேல் இருக்கும் ஆன்டெனாவின் வயர், பக்கத்து வீட்டுக்கு இழுத்த நெட்வொர்க் வயர் மூன்றும் மின்னலுக்கு வழிதான். ஃபைபரின் கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது, ஆனால் அதைத் தாங்கும் கம்பி இரும்பாக இருக்கலாம். இடி தூரத்தில் கேட்கும்போதே எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். தலைக்குமேல் வந்தபின் வயரைத் தொடாதீர்கள்.